ஓட்டு வீட்டை இடிக்கும் முன்: கையிலுள்ள காசுக்குள் ஒரு பசுமை வீடு

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து தக்கலைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் ஒன்று கண்ணில் படும். சமீப காலத்தில் கட்டிய நல்ல கான்கிரீட் வீடுகள். அவற்றின் மொட்டை மாடிக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்து, ஷீட் போட்டு இன்னொரு கூரை. ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். மழைக்குத் தளம் கசிகிறது. வெயிலுக்கு ராத்திரி உள்ளே படுக்க முடியவில்லை. அதே மனையில் முன்பு நின்ற ஓட்டு வீடும் ஒழுகியிருக்கும், ஆனால் உடைந்த ஓட்டை மாற்றினால் தீர்ந்தது. சூடு என்ற பேச்சே இருந்திருக்காது. ஆக, ஒரே வீட்டுக்கு இரண்டு கூரைக்கான காசு போயிருக்கிறது.

பசுமை வீடு என்றதும் சோலார் தகடு, விலை கூடிய கண்ணாடி, செல்போனில் எரியும் விளக்கு என்று மனசு போகிறது. அதெல்லாம் கடைசியில் வருவது, வராமலும் போகலாம். நம் ஊர் வெயில், மழை, காற்று மூன்றையும் முதலிலேயே கணக்கில் எடுத்துக் கட்டி, பின்னால் திருத்துவதற்குச் செலவு வைக்காமல் இருப்பதுதான் பசுமை வீடு. அப்படிப் பார்த்தால் சிக்கனமும் பசுமையும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இழுக்கின்றன.

வீடு இரண்டு விதத்தில் எரிபொருளைத் தின்கிறது. கட்டும்போது ஒரு முறை: சிமெண்ட், கம்பி, செங்கல், டைல்ஸ் எல்லாம் சூளையிலும் உலையிலும் வெந்து வருபவை. ஒரு டன் சாதாரண சிமெண்ட் தயாரிக்க முக்கால் டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. உலைக்கு எரிக்கும் கரி மட்டும் இதற்குக் காரணமில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே அந்தக் கல்லுக்குள்ளிருந்து வாயு கிளம்பும். இரண்டாவது, குடியேறிய பிறகு வருஷம் முழுக்க ஓடும் ஃபேன், ஏசி, மோட்டார். ஏசிக்காரர்கள் இரண்டாவதைப் பற்றித்தான் பேசுவார்கள். ஏசி இல்லாத, அல்லது ஒரே அறையில் மட்டும் ஏசி வைத்த நம் வீடுகளில் முதலாவது கணக்கு சின்னதே அல்ல. அதனால் புதிதாக வாங்காத ஒவ்வொரு லோடும் லாபம். இன்னொன்று, நம் மாவட்டத்தில் கருங்கல்லும், கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலும் மலையை உடைத்துத்தான் வருகின்றன. எந்த மலை என்பது நமக்கே தெரியும்.

முழுதும் இடிக்கத்தான் வேண்டுமா?

இதை யாரும் கேட்பதில்லை. ஜேசிபி-க்கு நாள் குறித்த பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. பழைய வீட்டில் பெரும்பாலும் கெட்டுப்போவது கூரை மரமும், சுவரில் தரையை ஒட்டிய இரண்டடியும்தான். அஸ்திவாரம் உட்காரவில்லை, சுவர் வெளிப்பக்கம் சாயவில்லை, விரிசல் ஆண்டுக்காண்டு அகலவில்லை என்றால் கூரையை மட்டும் மாற்றி, பின்பக்கம் ஒரு சமையலறை, குளியலறை, ஒரு படுக்கையறை சேர்த்துக் கட்டலாம். பாதி பழசு, பாதி புதுசு. பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்பதுதான் பலருக்குத் தடை. ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டக் கொடுக்கும் காசு, இந்த வேலையிலேயே அதிகம் மிச்சப்படுத்தும் காசு.

இடித்துத்தான் ஆகவேண்டும் என்றால், இடிக்காதீர்கள், பிரியுங்கள். ஜேசிபி அரை நாளில் எல்லாவற்றையும் குப்பையாக்கிவிடும். அந்தக் குப்பையை அள்ளிக்கொண்டு போகவும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். ஆள் வைத்துப் பிரித்தால் நாள் கூடும், கூலி கூடும். ஆனால் கீழே இறங்குவது என்னவென்று பாருங்கள். தேக்கு, அயனி, பலா மரத்தில் செய்த நிலையும் கதவும். இன்று அந்த முற்றல் மரத்தைக் கடையில் தேடினால் விலை கேட்டே திரும்பி வருவோம். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கரையான் வேலை முடிந்துவிட்டது, இறங்காவிட்டால் ஆசாரி இழைத்துக் கொடுப்பார், இன்னும் ஒரு தலைமுறை நிற்கும். நீளமான உத்திரத்தில் ஒரு முனை மட்டும் உளுத்திருந்தால் அதை அறுத்துவிட்டு ஜன்னல் சட்டமாக்கலாம்.

மங்களூர் ஓட்டை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையான சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது. நல்லதைப் பாசி சுரண்டி, கழுவிக் காயவைத்து அடுக்குங்கள்; அது மறுபடி கூரைக்கு. மூலை உடைந்ததையும் எறிய வேண்டாம், அதற்கு வேறு வேலை உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் செம்பாறைக் கல் கிடைக்கும். காற்றுப் படப் பட இறுகும் கல் அது. புதுச் சுவருக்கோ குறைந்தபட்சம் காம்பவுண்டுக்கோ தாராளமாக ஆகும். மண் சுவர் என்றால் அந்த மண் அப்படியே பேஸ்மென்டை, அதாவது தரைக்குக் கீழே எழுப்பும் மேடையை, நிரப்பப் போகும். ஒன்றே ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: மாட்டுக்கொட்டிலிலோ சாய்ப்பிலோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்க வேண்டும். அதன் தூள் நுரையீரலுக்குப் பகை.

வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது

நம் மாவட்டம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டு டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலுமாக வருஷத்தில் இரண்டு தடவை சூரியன் நடுமதியம் நேர் உச்சியில் நிற்கும். மற்ற நாட்களிலும் உச்சியை விட்டு வெகுதூரம் விலகாது. இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. அதிக வெயிலை வாங்குவது கூரை. அதற்கடுத்து கிழக்கு, மேற்குச் சுவர்கள். வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு கூரை வெளியே நீளும் இறவாரம் இரண்டரை அடி இருந்தாலே நிழல் விழுந்துவிடும். சாயங்கால வெயில் மட்டும் தாழ்ந்து, நேராக உள்ளே வரும். அதை எந்த சன்ஷேடும் தடுக்காது. அதனால் வீட்டின் நீளம் கிழக்கு-மேற்காக அமையட்டும். மேற்குப் பக்கம் படுக்கையறை வேண்டாம். குளியலறை, மாடிப்படி, விறகும் தேங்காயும் போடும் சாய்ப்பு இவற்றைத் தள்ளுங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு மாமரமோ பலாவோ நின்றால், மனையைச் சுத்தம் செய்கிறோம் என்று அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காற்றைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கடலோரத்தில் பகல் முழுக்கக் கடற்காற்று. ஆனால் காற்று உள்ளே வர ஒரு ஜன்னல் மட்டும் வைத்தால் வராது. வெளியேற எதிர்ச்சுவரில் இன்னொன்று வேண்டும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் ஜன்னல், கதவு தலைக்கு மேல் குறுக்கே போடும் லிண்டலுக்கு மேல் சின்னதாகத் திறப்பு விட்டால் நல்லது. கொசுவலை அடித்துவிடலாம். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட வெயிலுக்குத் தடித்த சுவர் நன்றாக வேலை செய்யும். இங்கே ஈரப்பதம் அதிகம், ராத்திரியிலும் புழுக்கம் போகாது. நமக்குச் சுவரின் தடிமனைவிட நிழலும் காற்றோட்டமும்தான் முக்கியம்.

சந்தேகம் இருந்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு தடவை போய் வாருங்கள், சுற்றுலாப் பயணியாக இல்லாமல் வீடு கட்டப்போகிறவராக. இறவாரம் எவ்வளவு தாழ்ந்து இறங்கியிருக்கிறது, மரச் சட்டங்களின் இடைவெளி வழியாகக் கண் கூசாமல் வெளிச்சம் எப்படி வருகிறது, தாய்க் கொட்டாரத்தின் நடு முற்றம் சூட்டை எப்படி மேலே அனுப்புகிறது என்று பாருங்கள். அதில் ஒன்றுக்கும் கரண்ட் பில் கிடையாது.

சுவர்

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) செங்கல் வீட்டுக்கு ஒரு கட்டு முறையைப் பரப்பினார். எலிப்பொறிக் கட்டு என்பார்கள். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைப்பது. வெளிப்பக்கம் ஒரு கல், உள்பக்கம் ஒரு கல், நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம், இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒரு கல். சுவரின் தடிமன் அதே ஒன்பது அங்குலம்தான். ஆனால் செங்கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறையும், கலவையும் குறையும். நடுவிலுள்ள காற்று வெளிச்சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது. மின்குழாயை அந்த வெற்றிடத்திலேயே இறக்கிவிடலாம், பிறகு சுவரைக் கொத்தவே வேண்டாம்.

கொத்தனார் முதல் நாள் தயங்குவார். “உள்ள பொத்தலா இருக்கே அண்ணாச்சி, நிக்குமா?” நிற்கும். மூலைகள், கதவு ஜன்னல் ஓரங்கள், பேஸ்மென்டுக்கு மேல் முதல் வரிசை, லிண்டலுக்குக் கீழ் வரிசை ஆகியவற்றை மட்டும் வெற்றிடம் இல்லாமல் கட்ட வேண்டும். கல் ஒரே அளவாக, விளிம்பு உடையாமல் இருக்க வேண்டும். கோணல்மாணல் கல்லில் இந்த வேலை சரிவராது. வெளியே பூசாமல் விட்டால் அழகாகவும் இருக்கும், பூச்சுச் செலவும் மிச்சம். மழை நேராக அடிக்கும் மேற்குச் சுவரை மட்டும் பூசிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இன்னொன்று கேளுங்கள். கெட்டியான செம்மண் தரையில் ஒரு மாடிக்கு உட்பட்ட சின்ன வீட்டுக்குச் சுவரே பாரத்தைத் தாங்கும். கான்கிரீட் தூண் பல நேரம் தேவையில்லை. தூண் போய்விட்டால் கம்பிச் செலவில் பெரிய துண்டு போய்விடும். நாஞ்சில் நாட்டில் வயலை நிரப்பிய மனை என்றால் இது பொருந்தாது, அங்கே அஸ்திவாரமே வேறு கணக்கு. வயலை நிரப்பிவிட்டு மேலே எத்தனை சோலார் தகடு மாட்டினாலும் அதைப் பசுமை வீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிமெண்ட் வாங்கும்போது சாம்பல் கலந்த பிபிசி ரகத்தைக் கேளுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை அதில் இருக்கும். அந்த அளவுக்குச் சுட்ட சுண்ணாம்புக்கல் குறைகிறது. உப்புக்காற்றுக்கும் அதுதான் நல்லது. கெட்டிப்படக் கொஞ்சம் நாள் எடுக்கும், அதனால் நனைப்பதில் சோம்பல் கூடாது. குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கலவைக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். கம்பி உள்ளே துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும்.

கூரை: காசும் சூடும் இங்கேதான்

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து ராத்திரி நம் தலைமேல் விடுகிறது. ஓடு மெல்லியது, சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். ஓட்டின் இடுக்கு வழியாகச் சூடும் வெளியேறும். குலசேகரம், அருமனை மாதிரி மழை கொட்டும் இடங்களில் சரிந்த கூரைக்கு ஈடே கிடையாது. துத்தநாகம் பூசிய ஜிஐ இரும்புப் பைப்பில் சட்டம் அடித்து, கீழே சீலிங் ஓடு, நடுவில் காற்று இடைவெளி, மேலே உங்கள் பழைய ஓடு. இதுதான் முதல் தேர்வு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் நம் மாவட்டத்தில் எத்தனை கூரைகளைப் பிய்த்தது என்பது நினைவிருக்கும். அதனால் இறவாரத்து வரிசை ஓடுகளையும் ஓரங்களையும் கம்பியாலோ திருகாலோ சட்டத்தோடு கட்டிவிட வேண்டும். முகட்டு ஓட்டைக் கலவை வைத்துப் பதிக்க வேண்டும். கடலோரத்தில் இரும்புச் சட்டத்துக்கு அடிக்கடி பெயிண்ட் வேலை இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

“அப்போ மேலே மாடி எடுக்க முடியாதே?” என்பார்கள். பிள்ளைக்காக மாடி எடுக்கலாம் என்று கம்பியை நீட்டிவிட்ட தூண்கள் ஊருக்கு எத்தனை துருப்பிடித்து நிற்கின்றன! பிள்ளை துபாயிலோ சென்னையிலோ இருக்கிறான். உண்மையிலேயே மாடி வேண்டும் என்றால் தளம் போடுங்கள்; அதையும் ஃபில்லர் ஸ்லாபாகப் போடுங்கள்.

அது என்ன? தளத்தின் மேல் பாரம் ஏறும்போது அதன் மேல்பாதி அமுங்குகிறது, கீழ்ப்பாதி இழுபடுகிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதற்குத்தான் அடியில் கம்பி. அப்படியானால் கம்பிகளுக்கு நடுவே அடிப்பக்கம் நிற்கும் கான்கிரீட் பெரிதாக ஒன்றும் சுமப்பதில்லை, வெறும் எடை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடு ஒன்றை மல்லாத்தி, அதன்மேல் இன்னொன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு கான்கிரீட் போடுவார்கள். ஓட்டுக்குள் அடைபட்ட காற்று சூட்டைத் தடுக்கும். கான்கிரீட் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சமாகும். எடை குறைவதால் கம்பியும் கொஞ்சம் குறையும். மூலை உடைந்த ஓட்டுக்கு வேலை இருக்கிறது என்று சொன்னேனே, இதுதான். ஓட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கான்கிரீட்டின் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். கம்பி இடைவெளியை ஓட்டின் அளவுக்கு ஏற்பப் பொறியாளர் வரைந்து கொடுக்க வேண்டும். சன்ஷேடு மாதிரி வெளியே நீளும் பகுதியில் போடக் கூடாது, அங்கே இழுப்பு மேல்பக்கம்.

என்னைக் கேட்டால் இரண்டையும் கலக்கச் சொல்வேன். கூடம், அறைகளுக்கு மேல் ஓடு. சமையலறை, குளியலறைக்கு மேல் மட்டும் ஃபில்லர் ஸ்லாப். தண்ணீர்த் தொட்டியும், பிற்பாடு சோலார் வைப்பதானால் அதுவும் அந்தச் சின்னத் தளத்தில் உட்காரும். இந்த வேலை தெரிந்த ஆள் எங்கே என்று தேடுகிறவர்கள், கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டத்தில் கேட்கலாம். சிக்கனக் கட்டுமான முறைகளிலும் சாண எரிவாயுவிலும் அவர்கள் பயிற்சி நடத்துகிறார்கள். கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனால், உள்ளே பொத்தலாக இருக்கிறதே என்ற சந்தேகத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

தரைக்குக் குஜராத் மோர்பியிலிருந்து லாரியில் வரும் டைல்ஸ்தான் வேண்டும் என்றில்லை. சிவப்பு ஆக்சைடு தரைக்குச் சரக்கு விலை குறைவு, காலுக்குக் குளிர்ச்சி. கைவேலை தெரிந்தவர் கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அரைகுறைக் கைக்கு வெடித்துப்போகும். உள் அலமாரிகளுக்கு மருந்தேற்றிய ரப்பர் மரம் போதும். மருந்தேற்றாத ரப்பர் மரம் சீக்கிரம் உளுத்துவிடும், விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தண்ணீரும் கரண்டும்

மழைநீர் சேகரிப்பு 2003 முதலே தமிழ்நாட்டில் கட்டாயம். கட்டாயம் என்பதால் பேருக்கு ஒரு குழாயை விட்டு முடித்துக்கொள்கிறோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரை என்றால் 93 சதுர மீட்டர். ஆயிரம் மில்லிமீட்டர் மழைக்கு 93,000 லிட்டர். சிதறியது, ஆவியானது போக முக்கால்வாசி என்றாலும் 70,000 லிட்டர். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமும் உண்டு. முதல் மழையை வெளியே விட ஒரு திருப்பு வால்வு, மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டித் தொட்டி, அங்கிருந்து கிணறு. அவ்வளவுதான் செலவு. குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீரைத் தனிக் குழாயில் வாழை மூட்டுக்கு விடுங்கள். கக்கூஸ் குழி கிணற்றிலிருந்து ஐம்பதடியாவது தள்ளி இருக்கட்டும்.

சோலார் விஷயத்தில் அவசரம் வேண்டாம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் (2024) ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் சராசரியாகத் தினம் நாலு யூனிட் தரும். ஆனால் நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்; 200 யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீட்டில் தகடு போட்ட காசு திரும்ப வர ரொம்ப நாளாகும். அதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள். பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது பிஎல்டிசி ஃபேன் 35 வாட் என்று வையுங்கள். நாலு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 115 யூனிட் மிச்சம். கூரையிலிருந்து மீட்டர் வரை ஒரு காலிக் குழாயை மட்டும் இப்போதே பதித்துவிட்டால், சோலாரைப் பின்னால் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

செலவைக் குறைக்க எல்லாவற்றையும்விடப் பெரிய வழி, பரப்பைக் குறைப்பது. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யாரும் உட்காராத ஒரு ஹாலும் அகன்ற நடைபாதையுமாக 200 சதுர அடி போனால் ஐந்து லட்சம் கையில் நிற்கிறது. முகப்பில் கல் பதிப்பது, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடியவை. திசை, அஸ்திவாரம், கூரை மூன்றையும் பிறகு லேசில் மாற்ற முடியாது. காசை அங்கே போடுங்கள்.

அனுமதி வேலையை முன்னாலேயே தொடங்குங்கள். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. ஆனால் நம் மாவட்டத்தின் மலையடிவாரக் கிராமங்கள் பல மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகின்றன, கடலோரம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறது. அங்கே கூடுதல் அனுமதி வேண்டும். உங்கள் சர்வே எண் எதில் வருகிறது என்று கேட்டுவிட்டு வரைபடத்துக்குக் காசு கொடுங்கள்.

அப்புறம் நாள். இரண்டு மழைக்கும் நடுவில் நமக்குக் கிடைக்கும் நீண்ட வறண்ட காலம் ஜனவரி முதல் மே வரைதான். மார்கழி கடைசியில் பிரித்து, தை பிறந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால், ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் கூரை ஏறிவிடும். பங்குனி, சித்திரையில் கிணறு வற்றும் ஊராக இருந்தால் சுவர் நனைக்கத் தண்ணீருக்கு என்ன வழி என்பதை மட்டும் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்; டேங்கர் தண்ணீரில் நனைத்தால் மிச்சம் பிடித்ததில் பாதி அதிலேயே போய்விடும்.